பேச்சு முடிந்ததை எது சொல்ல வேண்டும்: ரோஜர் பீப்பா, இரைச்சலா, ரிப்பீட்டரா?

வாக்கி-டாக்கியின் பி.டி.டி. பொத்தானிலிருந்து (பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பொத்தான்) விரலை எடுத்ததும் எதிர்முனையில் கேட்கும் ஓசைக்கு ரோஜர் பீப் என்று பெயர். பெயர் அவ்வளவாகப் பொருந்தவில்லை. வானொலி வழக்கில் ‘ரோஜர்’ என்றால் செய்தி கிடைத்தது என்று பொருள். இந்த ஓசையோ ‘நான் முடித்துவிட்டேன், இனி நீங்கள் பேசலாம்’ என்று ‘ஓவர்’ செய்யும் வேலையைச் செய்கிறது.

புதிய ஹாம்களிடம் (பொழுதுபோக்கு வானொலியாளர்களிடம்) பரவலாகக் காணப்படும் பாஃபெங் யூவி-5ஆர் கருவியில் இதற்கு இரண்டே நிலைகள் உண்டு: இருக்கும், அல்லது இருக்காது. மெனு பொத்தானை அழுத்தி 3, 9 எண்களைத் தட்டி, மீண்டும் மெனுவை அழுத்தி, அம்புக்குறியால் நிலையை மாற்றி, மெனுவாலேயே உறுதி செய்ய வேண்டும். பலர் 8-ஆம் மெனுவில் உள்ள பீப்பை அணைத்துவிட்டு, எதிர்முனையில் இன்னும் ஓசை கேட்கிறதே என்று குழம்புகிறார்கள். அது பொத்தான்களைத் தட்டும்போது எழும் ஓசையை மட்டுமே கட்டுப்படுத்தும்.

பீப்பை அணைத்தால் பேச்சு முடிந்தது எப்படித் தெரியும்? எஃப்.எம். முறையில் அலை நின்றதும், சமிக்ஞை இல்லாதபோது ஒலியை அடைக்கும் ஸ்குவெல்ச் அடைபடுவதற்குள் ‘குஷ்’ என்று ஒரு சிறு இரைச்சல் தப்பி வரும். காதுக்கு இனிமையில்லாவிட்டாலும் அது நேர்மையான அடையாளம். யாரும் தனியாக எதையும் அனுப்ப வேண்டியதில்லை. அதே கருவியின் 35-ஆம் மெனுவில் இருக்கும் எஸ்.டி.இ. வசதி இந்த இரைச்சலை நீக்கவே வைக்கப்பட்டது; அதை இயக்கி, எதிர்முனைக் கருவியும் அதற்கு ஒத்துழைத்தால், பேச்சு வெட்டிவிட்டதுபோல அமைதியாக முடியும். அப்போதுதான் பீப்புக்கு உண்மையான தேவை பிறக்கிறது. இரைச்சலையும் வைத்துக்கொண்டு பீப்பையும் சேர்ப்பது ஒரே செய்தியை இருமுறை சொல்வதாகும்.

ரிப்பீட்டர், அதாவது நம் சமிக்ஞையை வாங்கி மீண்டும் ஒலிபரப்பும் நிலையம், வழியாகப் பேசும்போது என் தீர்ப்பில் தயக்கமில்லை: பீப்பை அணைத்துவிட வேண்டும். பெரும்பாலான ரிப்பீட்டர்கள், பேசுபவரின் அலை நின்ற சிறிது நேரத்துக்குப் பின் தாமே ஒரு மரியாதை ஒலியை எழுப்புகின்றன. அந்த இடைவெளி அவசரமாக யாராவது குறுக்கிட வேண்டியிருந்தால் அவர்களுக்கு வழிவிடுவதற்காக, மேலும் பல ரிப்பீட்டர்களில் ஒருவர் தொடர்ந்து பேசக்கூடிய நேரத்தின் கணக்கு புதிதாகத் தொடங்கியதையும் அந்த ஒலியே அறிவிக்கும். கையிலிருக்கும் கருவியின் பீப்போ விரலை எடுத்த கணமே ஒலிப்பதால் இவற்றில் எதையும் சொல்லாது. கேட்பவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஓசைகள்தான் மிஞ்சும்.

குவான்ஷெங் யூவி-கே5 கருவி, சாதாரண பீப்புக்கு மாற்றாக, மோட்டரோலாவின் எம்.டி.சி. சமிக்ஞைபோல் ஒலிக்கும் ‘சிர்ர்’ ஓசையையும் தருகிறது. உண்மையான எம்.டி.சி. பேசும் கருவியின் அடையாள எண்ணைச் சுமந்து செல்லும் தரவு. அதைப் படிக்கும் கருவிகள் இல்லாத குழுவில் இந்த ஓசை வெறும் அலங்காரமே.

அப்போலோ பயண ஒலிப்பதிவுகளில் கேட்கும் ‘பீப்’களை இதற்கு முன்னோடியாகச் சிலர் காட்டுவதுண்டு. அவை பேசுபவருக்காக எழுந்தவை அல்ல. தொலைவிலிருந்த தரை நிலையங்களின் ஒலிபரப்பியைத் தொலைபேசிக் கம்பி வழியே இயக்க 2525 ஹெர்ட்ஸிலும், நிறுத்த 2475 ஹெர்ட்ஸிலும் கால் நொடி அளவுக்கு அனுப்பப்பட்ட கட்டளைகள்.

பீப் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்வது எஸ்.எஸ்.பி. எனும் ஒற்றைப் பக்கப்பட்டை ஒலிபரப்பு முறையில்தான். அங்கே பேச்சு நின்றால் அலையும் இல்லை, ‘குஷ்’ இரைச்சலும் இல்லை. எதிராளி மூச்சு வாங்குகிறாரா, முடித்துவிட்டாரா என்பதே விளங்காது. சமிக்ஞை மெலிந்திருக்கும்போது, இரைச்சலுக்குள் சொற்கள் கரைந்துபோனாலும் ஒற்றை ஓசை தனித்துக் கேட்கும். ஆனால் ‘ஓவர்’ என்று வாயால் சொல்லும் பழக்கமுள்ள குழுவுக்கு அங்கேயும் 39-ஆம் மெனுவின் பீப் தேவைப்படாது, யூவி-5ஆரில் எஸ்.எஸ்.பி.யே கிடையாது என்பது வேறு விஷயம்.