இணங்கவைக்கும் உத்திகளைக் கற்பிக்கும் அட்டைத் தொகுப்பு: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

விளம்பரங்களும் கட்டுரைகளும் நம்மை எவ்வாறு தம் பக்கம் இழுக்கின்றன என்பதை மாணவர்கள் இனங்காணப் பழக்கும் வகுப்பறை அட்டைத் தொகுப்பு ஒன்றை, இந்தப் பருவம் முழுவதும் உயர்நிலை வகுப்புகளில் பயன்படுத்தினேன். பேச்சுக்கலையைப் பற்றி அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வகுத்துரைத்த மூன்று வழிகளே இதன் அடித்தளம்: பேசுபவர்மீது உண்டாகும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, சொல்லப்படும் காரணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அட்டையின் முன்பக்கத்தில் உள்ள விளம்பர வாசகத்தையோ பத்தியையோ படித்து, அதற்குரிய நிறத்தையும் காரணத்தையும் சொன்ன பிறகே மாணவர் பின்பக்கக் கேள்விகளுக்குச் செல்ல வேண்டும். தொகுப்பு வாங்கத் தகுந்ததுதான். ஆனால், உடன் வரும் விடைக்குறிப்பை அப்படியே பின்பற்றும் ஆசிரியருக்கு அதன் பயனில் பாதி கிடைக்காமல் போகும்.

முதலில், மிகச் சிறப்பாக அமைந்த அட்டை ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். '80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பல் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் பற்பசை' என்ற வாசகம் அதில் இருக்கிறது. எண்ணைக் கண்டவுடன் ஏறத்தாழ வகுப்பு முழுவதும் 'காரணம்' என்னும் நிறத்தைத் தூக்கிக் காட்டியது. மருத்துவர் என்ற சொல் அந்த எண்ணுக்கு எவ்வளவு வலுச் சேர்க்கிறது என்று கேட்ட பிறகே, சிலர் கையிலிருந்த நிறத்தை மாற்ற யோசித்தார்கள். பின்பக்கத்தில் உண்மை நிலவரம் இருக்கிறது. பிரிட்டனில் இத்தகைய விளம்பரம் ஒன்றை ஆராய்ந்த விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு, அது வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது என்று 2007இல் தீர்ப்பளித்தது. கருத்தெடுப்பில் ஒவ்வொரு மருத்துவரும் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசைகளைக் குறிப்பிட முடிந்திருந்ததே அதற்குக் காரணம். மீதி 20 விழுக்காட்டினர் மட்டுமே வேறு பற்பசைகளைப் பரிந்துரைத்தார்கள் என்று எண்ணியிருந்த மாணவர்கள், கேட்கப்பட்ட கேள்வி என்ன என்று தெரியாமல் கிடைத்த எண்ணை மதிப்பிட முடியாது என்பதைத் தாமாகவே கண்டுகொண்டார்கள். அடுத்து வந்த அட்டைகளில் விழுக்காடு தென்பட்ட இடங்களிலெல்லாம், யாரிடம், என்ன கேட்டார்கள் என்ற வினா என் தூண்டுதல் இல்லாமலே எழுந்தது.

இவ்வளவு நுட்பமான அட்டைக்கும்கூட ஒரே நிறம்தான் சரியான விடை என்கிறது விடைக்குறிப்பு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்ந்த எழுத்தில் மூன்று வழிகளும் ஒரே வாக்கியத்துக்குள் பின்னிக் கிடக்கின்றன. எது எதைத் தாங்கி நிற்கிறது என்று பிரித்தறிவதே உண்மையான பயிற்சி.

இதைவிடப் பெரிய குறை, உணர்ச்சியைத் தூண்டுவதையே ஏமாற்று வேலையாகக் காட்டும் போக்கு. சிகரெட் பெட்டிகளில் அச்சிடப்படும் எச்சரிக்கைப் படங்கள் அச்சத்தைத்தான் தூண்டுகின்றன. ஆயினும் அந்த அச்சத்துக்குப் பின்னால் அசைக்க முடியாத மருத்துவச் சான்று இருக்கிறது. குருதிக்கொடை வேண்டுகோள் ஒன்றையும் 'உணர்ச்சி, ஆகவே நம்பத்தகாதது' என்று மாணவர்கள் ஒதுக்கியபோது எனக்குக் கவலையாக இருந்தது. எதையும் நம்பாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது நம் நோக்கமன்று. தூண்டப்படும் உணர்ச்சி சொல்லப்படும் பொருளுக்குத் தகுமா என்று பார்க்கவே கற்றுக்கொடுக்க வேண்டும். மேலும், உணர்ச்சி அனைத்துக்கும் ஒரே நிறம் கொடுத்திருப்பது போதாது. தொல்காப்பியம் சொல்லும் நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என்னும் எட்டு மெய்ப்பாடுகளையும் கரும்பலகையில் எழுதி, எந்த உணர்ச்சி என்று கேட்டவுடன் விடைகள் கூர்மையடைந்தன. முகப்பூச்சு விளம்பரத்தில் உவகையை மட்டுமே கண்டவர்கள், அதற்கு முன்னால் தம் முகத்தைப் பற்றிய இளிவரல் ஒன்று மெல்ல விதைக்கப்படுவதையும் கண்டார்கள்.

நியூயார்க்கில் 1937இல் தொடங்கப்பட்ட பரப்புரை ஆய்வு நிறுவனம் பட்டியலிட்ட ஏழு உத்திகளும் தனிப் பிரிவாக உள்ளன. எதிராளிக்குப் பட்டப்பெயர் சூட்டுவது, பிரபலரைச் சான்றுக்கு அழைப்பது, சாதகமானவற்றை மட்டும் அடுக்குவது, எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்லி ஊரோடு ஒத்துப்போகச் செய்வது போன்றவை எளிதில் மனத்தில் பதிகின்றன. பெயரை மனப்பாடம் செய்வதோடு பல மாணவர்கள் நின்றுவிடுவதால், இப்பிரிவை விரைவாகக் கடந்துவிடலாம்.

சொல்லாமல் விடப்பட்டதைத் தேடும் பயிற்சி தொகுப்பில் அறவே இல்லை. 'அக்கறையுள்ள பெற்றோரின் தேர்வு' என்ற வாசகத்தின் வலிமை, வாங்காத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்னும் எழுதப்படாத கூற்றில் இருக்கிறது. கேட்பவரே நிரப்பிக்கொள்ளும்படி ஒரு கூற்றை விட்டுவைக்கும் இந்த முறையை அரிஸ்டாட்டில் விரிவாகவே பேசியிருக்க, அவரை அடித்தளமாகக் கொண்ட தொகுப்பு இதை விட்டது வருத்தத்துக்குரியது. இணையக் கடைகள் காட்டும் 'இன்னும் 2 மட்டுமே உள்ளன' என்ற அவசர அறிவிப்பு, பணம் பெற்றுக்கொண்டு நண்பரைப் போலப் பேசும் காணொளி ஆகியவற்றுக்கும் போதிய இடம் இல்லை.

இறுதிப் பகுதியான எழுத்துப் பயிற்சி இக்குறைகளைப் பெருமளவு ஈடுசெய்கிறது. நூலகத்தை மதிய இடைவேளையிலும் திறந்துவைக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கையைத் தலைமையாசிரியருக்கும் நூலகருக்கும் சக மாணவர்களுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். நூலகருக்கான கடிதத்தில் ஒரு மாணவி, அவருக்குக் கூடும் வேலைப்பளுவைத் தானே முன்வந்து குறிப்பிட்டு, உதவிக்கு மாணவர் குழு ஒன்றை அமைப்பதாக எழுதியிருந்தாள். எதிர்த்தரப்பின் சிரமத்தை ஒப்புக்கொள்வது எழுதுபவர்மீது நம்பிக்கையை வளர்க்கும் என்று எந்த அட்டையும் அவளுக்குச் சொல்லவில்லை.

நேரம் குறைவாக உள்ள ஆசிரியர்கள் இந்த எழுத்துப் பயிற்சியிலிருந்தே தொடங்கி, அட்டைகளைப் பிறகு எடுக்கலாம். விடைக்குறிப்பை மாணவர் கையில் கொடுக்க வேண்டாம்; ஓர் அட்டைக்கு இரண்டு நிறங்களைக் காட்டி, இரண்டுக்கும் காரணம் சொல்பவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.