யார் வாசித்த தட்டு? ஜார்ஜ்டவுன் மாடிக் கடையின் சதர்ன் ராக் பெட்டி

பினாங்கில் சௌரஸ்தா சந்தையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் இந்த இசைத்தட்டுக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) உள்ள மரப்படியைத் தேடித்தான் ஏற வேண்டும். மலாய்ப் பாடகர் பி. ரம்லி முதல் தமிழ்த் திரையிசை வரை எல்லாம் அங்கே இருந்தாலும், சன்னலோரத்துச் சதர்ன் ராக் பெட்டியைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். அமெரிக்கத் தென் மாநிலங்களில் ப்ளூஸும் கன்ட்ரியும் ராக்கும் கலந்து 1970களில் ஓங்கிய இவ்விசையில், குழுவின் பெயரை மட்டும் நம்பித் தட்டு வாங்குகிறவர் எளிதில் ஏமாறுவார். மரணமும் மனத்தாங்கலும் அக்குழுக்களை அந்த அளவுக்குக் கலைத்துப் போட்டிருக்கின்றன.

இதை உணர்ந்த கடைக்காரர், ஒவ்வோர் உறையின் பின்புறத்திலும் அந்தப் பதிவில் வாசித்தவர்களின் பெயர்களைக் கைப்பட எழுதிச் சீட்டாகச் செருகியிருக்கிறார். ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் குழுவின் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்க நேரடிப் பதிவு 1971 மார்ச்சில் எடுக்கப்பட்டது. டுவேன் ஆல்மன், டிக்கி பெட்ஸ் ஆகிய இருவரின் கிட்டார்களும் ஒன்றையொன்று துரத்தும் அழகுக்காகவே அதை வாங்குவோர் உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் டுவேன் மேக்கன் நகரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். ஓராண்டு கழித்துப் பேஸ் கிட்டார் வாசித்த பெரி ஓக்லியும் அதே ஊரில், அதே விதமாக மாண்டார். 1973இல் வந்த ‘பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ தட்டில் சக் லெவலின் பியானோ முன்னுக்கு வந்து குழுவின் ஓசையே மாறியிருந்தது. முதல் இரண்டு பாடல்களில் ஓக்லி, மற்றவற்றில் லமார் வில்லியம்ஸ் என்று சீட்டில் பிரித்தே எழுதியிருக்கிறார். இத்தனை அக்கறையைப் புதுத்தட்டு விற்கும் கடைகளில் நான் கண்டதில்லை.

லினர்ட் ஸ்கினர்ட் வரிசையிலும் இதே கவனம் தெரிகிறது. முதல் தட்டில் பேஸ் வாசித்த எட் கிங், லியான் வில்கசன் திரும்பி வந்ததும் கிட்டாருக்கு மாறியதால்தான் அக்குழுவின் மூன்று கிட்டார் அமைப்பு உருவானது. அவர் 1975இல் விலக, அடுத்த ஆண்டு ஸ்டீவ் கெய்ன்ஸ் வந்தார். ‘ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்’ வெளியான மூன்றாம் நாள், 1977 அக்டோபர் 20 அன்று, மிசிசிப்பியில் விமானம் விழுந்து பாடகர் ரானி வான் சான்ட், ஸ்டீவ், அவருடைய அக்கா கேசி உட்பட ஆறு பேர் இறந்தனர். குழுவினரைத் தீ சூழ்ந்து நிற்பதுபோல இருந்த உறைப்படம் உடனே மாற்றப்பட்டது. கடையில் அந்தத் தீயுறைத் தட்டு கண்ணாடிக்குள் 350 ரிங்கிட் விலையோடு நிற்கிறது; ஆனால் தீப்படம் பின்னாளைய மறுபதிப்புகளிலும் வந்துவிட்டதால், எந்த ஆண்டு அச்சு என்று எழுதாமல் அவ்வளவு கேட்பது முறையன்று.

குறை அது மட்டுமல்ல. மாலி ஹாட்செட்டின் 1980ஆம் ஆண்டுத் தட்டில் பாடியவர் டேனி ஜோ பிரவுன் என்று சீட்டு சொல்கிறது. அதில் பாடியவர் அவருக்குப் பதிலாக வந்த ஜிம்மி ஃபாரர். சுட்டிக்காட்டியதும் கடைக்காரர் அங்கேயே அடித்துத் திருத்தினார். மார்ஷல் டக்கர் பேண்ட் தட்டுகள் சில, நம் ஊர்ப் புழுக்கத்தில் உறையோரம் பூஞ்சை பிடித்திருக்கின்றன. கல்லாவுக்கு அருகில் உள்ள இயக்கியில் போட்டுக் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். அதற்கு அவர் முகம் சுளிப்பதில்லை.

சீட்டில் உள்ள நுணுக்கம் விலையில் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ரானியின் தம்பி ஜானி பாடகராக வந்த பிறகு 1991இல் வெளியான ஸ்கினர்ட் தட்டுக்கும், ரானியே பாடிய 1974ஆம் ஆண்டுத் தட்டுக்கும் ஒரே 90 ரிங்கிட் ஒட்டியிருக்கிறார்கள். பழையதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.