இனவிருத்திக்கு முர்ரா நாகு: அம்பாறைப் பண்ணையில் நாகு வாங்கலாம், கடா வாங்க வேண்டாம்

நாட்டு எருமை கறக்கும் பால் தயிர்ச் சட்டிக்குப் போதவில்லை என்று மட்டக்களப்பின் படுவான்கரைப் பட்டிக்காரர் பலரும் அதிகம் பால் கறக்கும் முர்ரா எருமை இனத்தைத் தேடுகின்றனர். ஆகவே அம்பாறைப் பக்கத்துத் தனியார் பண்ணையொன்றில் இனவிருத்திக்காக நான் இள நாகு, அதாவது இன்னும் கன்று ஈனாத பெண் எருமை, வாங்கியதைப் பற்றி எழுதுவது பயன்படும் என எண்ணுகிறேன்.

பண்ணையின் பெரிய சிறப்பு, விலை பேசுவதற்கு முன்னரே தாய் எருமையைக் காட்டிவிடுவதுதான். விடியற்காலைக் கறவைக்கு வரச் சொல்லி, கறந்த பாலைக் கண்முன்னே அளந்தார்கள். நான்கு காம்பிலும் பால் சீராக இறங்குகிறதா, கறப்பவரை உதைக்காமல் நிற்கிறதா என்பதையெல்லாம் இன்னும் கன்று ஈனாத நாகிடம் பார்க்க முடியாது. தாயிடம்தான் பார்க்க வேண்டும். கன்று வீசச் செய்யும், அதாவது சினையைக் கலைக்கும், புருசெல்லா நோய்க்கான இரத்தப் பரிசோதனையையும் கால்நடை வைத்தியரைக் கொண்டு செய்வித்து, அறிக்கையைக் கையில் தந்தார்கள். நோயுள்ள ஒரே உருப்படி பட்டி முழுவதற்கும் அதைப் பரப்பிவிடும் என்பதாலும், காய்ச்சாத பாலைக் குடிக்கும் மனிதருக்கும் அது தொற்றும் என்பதாலும், இந்த அறிக்கை இல்லாமல் யாரும் நாகு வாங்கக் கூடாது.

தகப்பன் கடாவைப் பற்றிக் கேட்டபோதுதான் பதில் தடுமாறியது. பதிவு எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, விலையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி ஓர் இளங்கடாவையும் சோடியாகக் கொண்டுபோக வற்புறுத்தினார்கள். விசாரித்தால், இரண்டும் ஒரே கடாவுக்குப் பிறந்தவை! இரத்த உறவில் சேர்த்தால் சினைப்பிடிப்பும் கன்றுகளின் வலுவும் குறைந்துகொண்டே போகும். மிருகக்காட்சிசாலைகள் எதிர்கால இனவிருத்திக்காக ஒரு பெண் காண்டாமிருகக் குட்டியை இடம் மாற்றும்போதுகூட வம்சப் பதிவேட்டைப் பார்த்தே துணையை முடிவு செய்கின்றன. 1956இல் இந்தியக் காண்டாமிருகக் குட்டி பிறந்த சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையே அவ்வினத்துக்கான உலகப் பதிவேட்டைப் பேணி வருகிறது. நாகு விற்றுப் பிழைக்கும் பண்ணைக்கு ஒரு கொப்பி எழுதி வைப்பது பெரிய வேலையா?

கடாவை மறுத்துவிட்டேன். செயற்கைமுறைச் சினைப்படுத்தலே என் எண்ணம். ஆனால் அதற்கு வேட்கை வரும் நேரத்தை அறிய வேண்டும்; எருமையோ பசுவைப் போல அதை வெளிப்படையாகக் காட்டாது. பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலுமே அறிகுறி தெரியும். ஆள் வைத்துக் கவனிக்க இயலாதவர்கள் உறவில்லாத வேறொரு பட்டியின் கடாவை நாடுவதே நல்லது.

விலை சந்தையைவிட அதிகம்தான். தாயையும் அறிக்கையையும் காட்டியதற்காக அதைக் கொடுக்கலாம். ஏற்றுவதற்கான அனுமதிப்பத்திரத்தையும் லொறியையும் வாங்குபவரே ஒழுங்கு செய்ய வேண்டும். சினை சுமார் பத்து மாதம் என்பதையும், முதற்கன்றுக்கு மூன்று, நான்கு வயது ஆகலாம் என்பதையும் கணக்கிட்டுக்கொண்டு, மாரி வெள்ளம் பாதையை மறிப்பதற்கு முன்னரே ஏற்றி வந்துவிடுங்கள்.