ஒரே மாதத்தில் வந்த இரண்டு டாக்டர் ஹூ நாவல்கள்: எதை முதலில் எடுப்பது?

டிவி தொடரை நாவலாக்குவது என்றால் வசனத்தை அப்படியே இறக்கிவைத்து, நடுநடுவே ‘என்றான்’, ‘என்றாள்’ போடுவதுதானே என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் உண்டு. பாதி நேரம் அது உண்மையும்கூட. ஆனால் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றித் திரியும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசியைப் பற்றிய பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரிலிருந்து 1974 ஜனவரியில் டார்கெட் பதிப்பகம் கொண்டுவந்த இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. ஒன்று டெரன்ஸ் டிக்ஸின் ‘ஆட்டான் இன்வேஷன்’, மற்றது மால்கம் ஹல்கின் ‘கேவ் மான்ஸ்டர்ஸ்’. இரண்டுமே 1970இல் ஒளிபரப்பான கதைகள்.

இருவரும் நண்பர்கள். 1969இல் பத்து எபிசோடு கதை ஒன்றைச் சேர்ந்து எழுதினார்கள். அதன் முடிவில் டாக்டரைப் பூமிக்கு நாடுகடத்திவிடுகிறார்கள்; இனி நினைத்த கிரகத்துக்குப் போக முடியாது. ‘அப்படியானால் உங்களுக்கு மிச்சம் இரண்டே கதைதான்: வேற்றுக்கிரகப் படையெடுப்பு, இல்லையென்றால் பைத்தியக்கார விஞ்ஞானி’ என்ற பொருளில் ஹல்க் குத்திக்காட்டியதை, தொடரின் ஸ்கிரிப்ட் எடிட்டராக இருந்த டிக்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்தச் சிக்கலுக்கு ஹல்க் கண்ட வழிதான் ‘கேவ் மான்ஸ்டர்ஸ்’ கதையில் வரும் சைலூரியன்கள் என்ற ஊர்வன இனம். அவர்கள் எங்கிருந்தும் படையெடுத்து வரவில்லை. மனிதன் தோன்றுவதற்கு முன்பே பூமி அவர்களுடையது.

டிக்ஸின் புத்தகமோ அக்மார்க் படையெடுப்பு. மூலத் திரைக்கதை ராபர்ட் ஹோம்ஸுடையது. கடை ஜன்னலில் நிற்கும் துணிக்கடை பொம்மைகள் உயிர்பெற்றுத் தெருவில் இறங்கிச் சுடுகின்றன; இவைதான் ஆட்டான்கள். டிவியில் கண்ணாடி உடையும் சத்தம்தான் கேட்கும், உடைவதைக் காட்டவில்லை. காகிதத்தில் உடைக்கக் காசா பணமா? டிக்ஸ் தாராளமாக உடைக்கிறார். கடைசியில் வரும் ராட்சதப் பிராணியும் டிவியில் பார்த்த ரப்பர் கைகளைவிடப் பல மடங்கு பயமாக இருக்கிறது. மற்றபடி அவர் கதையை விட்டு விலகுவதில்லை. சிறிய வாக்கியங்கள், ஓடும் நடை. வீட்டில் வீடியோ ரெக்கார்டர் இல்லாத காலம் அது. ஒருமுறை தவறவிட்டால் அந்தக் கதை போனதுதான். பழைய டேப்புகளை பிபிசியே அழித்ததில் அறுபதுகளின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு இப்படி நேர்மையாகத் திருப்பிச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். டிக்ஸ் அறுபதுக்கும் மேற்பட்ட டாக்டர் ஹூ கதைகளை இப்படி எழுதினார்.

சரி, ஹல்க். டிவியில் அவருடைய சைலூரியன்களுக்குப் பெயரே கிடையாது; டைட்டிலில் ‘கிழ சைலூரியன்’, ‘இளைய சைலூரியன்’ என்றுதான் வரும். பேசும்போது ரப்பர் தலை ஆடும். நாவல் அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. ஒரு சிறிய கிரகம் பூமியை நெருங்கி வருகிறது. பயந்துபோய் அவர்கள் நிலத்தடியில் நீண்ட தூக்கத்துக்குத் தயாராகிறார்கள். இப்போது கிழவருக்கு ஓக்டெல் என்று பெயர், இளையவனுக்கு மோர்கா. அவர்கள் கண்ணுக்கு நாம் வெறும் குரங்குக் கூட்டம். மேலே அணு ஆராய்ச்சி நிலையத்தில் மின்சாரம் குறைவது ஏன் என்று மனிதர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, வாசகருக்கு மட்டும் கீழே விழித்திருப்பது யார் என்று தெரியும். மர்மம் கொஞ்சம் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு யார் பக்கம் நிற்பது என்ற குழப்பம் வருகிறது. சிறுவர் நாவலில் அது லேசில் கிடைப்பதில்லை. ஏழு எபிசோடை ஒல்லியான ஒரு புத்தகத்தில் அடக்கியதால் இழுவையும் போயிற்று.

இந்த வரிசைக்கெல்லாம் அண்ணன், தொடரின் புகழ்பெற்ற வில்லன் இனமான டேலெக்குகளைப் பற்றி 1964இல் டேவிட் விட்டேக்கர் எழுதிய நாவல். அவர் டிவியின் முதல் கதையையே தூக்கிப்போட்டுவிட்டு, பனிமூட்டத்தில் ஒரு சாலை விபத்திலிருந்து புதிதாகத் தொடங்குகிறார். முழுக்க இயன் என்ற பாத்திரம் ‘நான்’ என்று சொல்லும் கதை. அதனால் இயன் இல்லாத இடத்துக்குக் கதையும் போக முடியாது. கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் டேலெக் தலைவன் மட்டும் மறக்காது.

பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கினால் டிக்ஸ். பக்கம் தானாகப் புரளும். உங்களுக்கு என்றால், யோசிக்காமல் ஹல்க். டிவி கதையை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கும் அதுவேதான். வேலைநிறுத்தம் காரணமாக ஸ்டுடியோ கிடைக்காமல் ஆட்டான் கதை முழுவதையும் வெளியிடங்களில் ஃபிலிமில் எடுத்தார்கள். அது இன்றும் பார்க்க நன்றாகவே இருப்பதால், புத்தகம் கூடுதலாகத் தருவது குறைவு. குகைக் கதை அப்படியல்ல. முடிவில் டாக்டருடன் வேலைபார்க்கும் ராணுவ அதிகாரியான பிரிகேடியர், சைலூரியன்களின் குகைகளை வெடிவைத்து மூடுவதை டிவியில் பார்த்தால் ‘அடப்பாவமே’ என்று தோன்றும். நாவலில் அதே இடத்துக்கு வரும்போது, முதல் அத்தியாயத்தில் தூங்கப் போனவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.