உணவு டெலிவரி செயலி: அதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

சென்னையில் ஓர் உணவு டெலிவரி செயலியில் முழுநேரமாக வண்டி ஓட்டுகிறேன். சாப்பாடு சூடாக வந்ததா என்று பார்ப்பவரின் பக்கமிருந்து அல்லாமல், அந்தச் செயலியின் வருமானத்தில் வீட்டு வாடகை கட்டுபவரின் பக்கமிருந்து எழுதும் மதிப்பீடு இது.

சேருவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், வங்கிக் கணக்கு ஆகியவை சரியாக இருந்தால் ஐடி விரைவில் கிடைத்துவிடுகிறது. சிபாரிசு தேவையில்லை, பணமும் வாரந்தோறும் கணக்கில் ஏறிவிடுகிறது. திடீரென்று வேலை இழந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் நன்றாக அறிவேன்.

ஆனால் திரையில் தெரியும் தொகை கையில் நிற்கும் தொகை அல்ல. பெட்ரோல், ஆயில், டயர், பிரேக் ஷூ, செயின், மொபைல் டேட்டா என அத்தனையும் ஓட்டுபவரின் செலவு. வேளச்சேரிக் கடையில் எடுத்த ஆர்டரைப் பள்ளிக்கரணை தாண்டிக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்பும் தூரத்துக்கு எனக்குக் கட்டணம் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக் கடை வாசலில், பார்சல் கட்டி முடியும்வரை வெயிலில் நிற்கும் நேரத்துக்கும் கணக்கில்லை.

இதைவிட வருத்தம் தருவது இன்சென்டிவ் முறை. ஆர்டருக்கான அடிப்படைத் தொகை செலவுக்கே சரியாகிவிடுவதால், நாளின் இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகைதான் உண்மையான லாபம். அந்த இலக்குக்கு ஒரே ஓர் ஆர்டர் குறைந்தாலும் அந்தத் தொகை கிடையாது. தூரம் அதிகம் என்று இரண்டொரு ஆர்டரை மறுத்தாலும் தகுதி போய்விடும். இரவில் இலக்கை நெருங்கும்போது ஆர்டர் வராமல் போனால், அதற்கு என்ன காரணம் என்று கேட்க ஓர் ஆளும் இல்லை. ஐடி முடக்கப்பட்டாலும் இதே நிலைதான்: சாட்டில் எழுதி வைத்த பதிலே திரும்பத் திரும்ப வருகிறது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இத்தகைய செயலிகளை நடத்தும் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் கிக் தொழிலாளர்களுக்கென்று, அதாவது எங்களைப் போலச் செயலி வழியாக வேலை செய்பவர்களுக்கென்று, தனி நல வாரியம் 2023இல் அமைக்கப்பட்டது. இரண்டும் நல்ல தொடக்கம் என்றாலும், ஓர் ஆர்டருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று எங்கும் வரையறுக்கப்படவில்லை. எங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

வேறொரு வேலையோடு மாலையில் சில மணி நேரம் ஓட்டுபவருக்கு இச்செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாதத் தவணையும் பள்ளிக் கட்டணமும் இதை மட்டுமே நம்பியிருக்குமானால் சேர வேண்டாம் என்பேன். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நல வாரியத்திலும், மத்திய அரசின் தொழிலாளர் பதிவுத் தளமான இ-ஷ்ரமிலும் தாமதிக்காமல் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.