ரூ. 385,000 போனது: ஸ்டோருக்கு கமரா பூட்டப் போகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள்

கடையின் பெயரைப் போடவில்லை. முகநூலில் "8 கமரா பெக்கேஜ், பூட்டுக்கூலியோடு" என்று விளம்பரம் போட்டு, கொழும்புக்குள் வந்து பூட்டித் தருகிற வகைக் கடை. இந்த மாதிரி நிறைய இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கிராண்ட்பாஸ் பக்கத்தில் இருக்கிற எங்கள் துணி ஸ்டோருக்கு 8 கமரா, ரெகோர்டர், கதவுக்குக் காட் லொக் (அட்டையைக் காட்டித் திறக்கிற பூட்டு), எல்லாம் சேர்த்து ரூ. 385,000. முழுக் காசும் கட்டியாயிற்று. போன புதன்கிழமை 14 துணி ரோல் குறைவது தெரிந்தது. கடைசியாக எண்ணியது முந்தின வெள்ளி. ரெகோர்டிங்கைத் திறந்தால், ஞாயிறு பின்னேரத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "30 நாள் நிக்கும்" என்று சொல்லித்தான் விற்றார்கள்.

நம்பினது எந்த இடத்தில் என்று சொல்கிறேன், அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். அந்தக் கடையிலிருந்து இடம் பார்க்க வந்தவர் தானே ஏணியில் ஏறி, முன் ஷட்டருக்கு மேலே கமராவைக் கையில் பிடித்தபடி போனில் படத்தைக் காட்டினார். லொறியின் நம்பர் தகடு பளிச்சென்று தெரிந்தது. "எறும்பு போனாலும் தெரியும் அண்ணே, நம்பி விடுங்க" என்றார். அன்றைக்கே 60 வீதம் அட்வான்ஸ், ரூ. 231,000. கொட்டேஷனில் இருந்தது நாலே வரி: ஐபி கமரா 8, ரெகோர்டர் 1, ஹார்ட் டிஸ்க் 2 டீபி (டெராபைட்), காட் லொக்கும் வயரிங்கும். மொடல் நம்பர் இல்லை. என்ன வயர் என்று இல்லை. எத்தனை நாள் பதிவு என்று இல்லை. போனில் லைவ் படம் நன்றாக வருகிறது என்பதற்காக டிஸ்க்கும் வயரும் நல்லது என்று ஆகாது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இப்போது எல்லாவற்றையும் கழட்டிப் பார்த்தாயிற்று.

டிஸ்க்கை கொம்பியூட்டரில் போட்டால் 931 ஜிபி காட்டுகிறது, அதாவது 1 டீபி. பில்லில் 2. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் (S.M.A.R.T.) கணக்கில் ஓடிய நேரம் 31,400 மணித்தியாலம். மூன்றரை வருடம் எங்கேயோ ஓடித் தேய்ந்ததைத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள். பில்லில் எழுதினதைத் தந்திருந்தாலும் 30 நாள் என்பது பொய்தான். கணக்கு லேசு: 4 மெகாபிக்சல் கமரா நொடிக்கு 4 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. 8 கமராவுக்கு 345 ஜிபி. 2 டீபி ஆறு நாளைக்கும் காணாது, 1 டீபி மூன்று நாளைக்கும் காணாது. 30 நாளுக்கு 10 டீபிக்கு மேல் வேண்டும். வேகத்தை 2 மெகாபிட்டுக்குக் குறைத்தால் 6 டீபி போதும். அதுவும் கண்காணிப்புக்கென்றே வருகிற டிஸ்க்காக இருக்க வேண்டும். இரவு பகலாக எழுதுகிற வேலை சாதாரண கொம்பியூட்டர் டிஸ்க்குக்கு ஏற்றதல்ல.

பின் சுவரில் இருக்கிற இரண்டு கமராவும் பகலில் ஒழுங்காக ஓடும், இருட்டினதும் அணைந்து அணைந்து வரும். "ரவுட்டர் பிழை" என்றார்கள். வயரைப் பிளேட்டால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசின அலுமினியம். செம்பை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை. இந்தக் கமராக்களுக்கு கரண்டும் இதே வயரில்தான் போகிறது. பகலில் இழுப்பது கொஞ்சம், இரவில் இருட்டில் படம் எடுக்க உதவுகிற ஐஆர் லைட் பற்றினதும் இழுவை கூடும். 70 மீட்டருக்கு அப்பால் வோல்டேஜ் விழுந்து கமரா ரீஸ்டார்ட் ஆகிறது. திருடன் வருகிற நேரத்துக்கு என்றே கண் மூடுகிற கமரா!

கதவு அதை விட மோசம். காட் ரீடரும் லொக்கைத் திறக்கிற பகுதியும் ஒரே பெட்டி, அது கதவுக்கு வெளியே. கீழே உள்ள ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினால் லொக் வயர் கையில். கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ளேயும், ரீடர் மட்டும் வெளியேயும் இருக்க வேண்டும். தந்த காட் 125 கிலோஹேர்ட்ஸ் வகை, சாவி வெட்டுகிற கடையிலேயே நகல் போடலாம். காந்த லொக்குக்கு பெட்டரியும் வைக்கவில்லை. அந்த லொக் கரண்ட் போனால் தானாகத் திறக்கும். 2025 பெப்ரவரி 9 மாதிரி நாடு முழுக்க கரண்ட் போகிற நாளில் ஸ்டோர் கதவு திறந்தே கிடக்கும்.

இனி அவர்கள் சொன்ன சாட்டு. முதல் கோல்: "டெக்னீசியன் கண்டி சைட்டில, திங்கள் வருவார்." திங்கள் வரவில்லை. இரண்டாவது: "டிஸ்க் வாரண்டி ஏஜென்டிட்டத்தான் கேக்கணும்." மூன்றாவது: "கமரா ஓடுதுதானே, பிறகென்ன?" ரெகோர்டரின் அட்மின் பாஸ்வேர்ட் கேட்டதற்கு, "அத குடுத்தா வாரண்டி போயிடும்." இதுதான் வயிற்றைக் கலக்குகிறது. போன் ஆப்பில் ரெகோர்டரைப் பதிந்திருப்பது பூட்டினவரின் சொந்தக் கணக்கில். எங்களுக்கு வந்தது அவர் பகிர்ந்த பார்வை மட்டும். ஸ்டோருக்குள் யார், எப்போது, எந்த ரோலைத் தூக்குகிறார்கள் என்பதை அவர் வீட்டிலிருந்து பார்க்கலாம். கடைசியாகச் சொன்னது: வந்து பார்க்க ரூ. 7,500. ரூ. 385,000 வாங்கினவர்கள்!

நேரமில்லை, அவசரமாக எழுதுகிறேன். கொட்டேஷனில் மொடல் நம்பர், "முழுச் செம்பு" என்ற சொல், பதிவு நிற்கும் நாள், மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். டிஸ்க்கை உங்கள் கண் முன்னால் பூட்டச் சொல்லி, ஓடிய நேரத்தைத் திரையில் பாருங்கள். இரவில் ஒரு தடவை, மெயின் சுவிட்சை அணைத்து ஒரு தடவை சோதியுங்கள். பாஸ்வேர்டும் கணக்கும் உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் மிச்சக் காசு.

முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. பில்லும், டிஸ்க்கின் படமும், சுரண்டின வயர்த் துண்டும் கவரில் போட்டாயிற்று, நாளைக் காலை கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.