திருத்தமும் நக்கலும்: லினக்ஸ் வட்டாரத்தில் 15 ஆண்டு அனுபவம்

2010-இல் என் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய நாள்முதல் அன்றாட வேலைக்கு நான் வேறு இயங்குதளத்தைத் தேடிப் போகவில்லை. உபுண்டுபோல நிறுவத் தயாராகத் தொகுத்துத் தரப்படும் லினக்ஸ் வழங்கல்களைப் பற்றிய மதிப்புரைகளுக்குக் குறைவில்லை. கணினி எழ எத்தனை வினாடி ஆகிறது, நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதையெல்லாம் அவற்றில் படித்துக்கொள்ளலாம். ஆனால் காய்கறியோடு கறிவேப்பிலை கொசுறாக வருவதுபோல லினக்ஸோடு இரண்டு வகை மனிதர்களும் வந்து சேர்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. கேள்வியில் உள்ள சொற்பிழையை விடைக்கு முன்பே பிடிப்பவர்கள் ஒரு வகை. அந்தத் திருத்தத்தின்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவிவிட்டுப் போகும் நக்கல்காரர்கள் இன்னொரு வகை. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான். எந்தக் கட்டளையையும்விட இவர்களைத்தான் நான் அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால், இந்த அனுபவப் பகிர்வு அவர்களைப் பற்றியது.

முதல் அனுபவம் நிறுவிய வாரத்திலேயே வாய்த்தது. 'லினக்ஸில் வைஃபை வேலை செய்யவில்லை' என்று லினக்ஸ் பயனர்களின் இணைய மன்றத்தில் எழுதிக் கேட்டேன். அது லினக்ஸ் அல்ல, குனு/லினக்ஸ் என்று முதல் பதில் வந்தது. இதைச் சொல்ல யாரும் வரவில்லையே என்று இப்போதுதான் கவலைப்பட்டேன் என்று இரண்டாவது பதில் வந்தது. 'வேலை செய்யவில்லை' என்பது ஒரு தகவலா, வன்பொருள்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை என்ன காட்டுகிறது என்று மூன்றாமவர் கேட்டார். மூவரின் குரலும் எனக்கு அன்று ஒன்றுபோலவே சுட்டது. மூன்றாமவர் கேட்டதைக் கொடுத்த பிறகு அரை மணி நேரத்தில் வைஃபை வந்துவிட்டது என்பதையும், மூவரில் அவர் ஒருவர்தான் எனக்காகக் கடிந்துகொண்டவர் என்பதையும் பிரித்துப் பார்க்க எனக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

குனு விவகாரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டம் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் தொகுப்பி, கட்டளைகளை ஏற்கும் ஷெல், அன்றாடக் கட்டளைகள் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல், அதாவது வன்பொருளை இயக்கும் மையப் பகுதி, அதனோடு சேர்ந்தபோதுதான் முழு இயங்குதளம் உருவானது. வழங்கல்களில் ஒன்றான டெபியன் தன் பெயரையே டெபியன் குனு/லினக்ஸ் என்று எழுதிக்கொள்கிறது. ஆனால் இந்தத் திருத்தத்தையும் திருத்த ஆள் இருக்கிறார். ஆல்பைன் லினக்ஸ் என்ற வழங்கலில் நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் குனு நிரலகத்துக்குப் பதிலாக மஸலும், குனு கட்டளைகளுக்குப் பதிலாக பிசிபாக்ஸும் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கருநிரல் உண்டு, குனுவின் அந்த அடிப்படைக் கருவிகள் இல்லை. எனவே ஆல்பைனைப் பற்றிய கேள்வியில் வந்து குனு/லினக்ஸ் என்று திருத்துபவர் தாமே பிழை செய்கிறார். இப்படி ஒருவர் மாட்டிக்கொள்வதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அன்றைய பொழுது இனிமையாகக் கழிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தமிழில் எழுதும்போது இந்தச் சண்டை வேறு வடிவம் எடுக்கிறது. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் இருப்பதால் அங்கே ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. ஆனாலும் யாராவது இலவச மென்பொருள் என்று எழுதுவதும், உடனே ஒரு நக்கீரர் வந்து கட்டற்ற மென்பொருள் என்று திருத்துவதும் நின்றபாடில்லை. தெளிவான இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மற்றவர்களின் குழப்பத்தை நாம் இரவல் வாங்கியிருக்கிறோம்.

இவையெல்லாம் சொற்களோடு நின்றுபோகும் சண்டைகள். எண்களில் அப்படி இல்லை என்பதை நான் 2016-இல் கற்றேன். வன்தட்டில் இன்னொரு வழங்கலுக்கு இடம் ஒதுக்குவதற்காக, என் கோப்புகள் இருந்த பகிர்வை, அதாவது வன்தட்டில் தனியாகப் பிரித்த பகுதியை, சுருக்கத் திட்டமிட்டேன். பகிர்வுக்குள் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமையை ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் 100 ஜி அளவுக்குச் சுருக்குவது, பிறகு பார்ட்டெட் கருவியால் பகிர்வை 100 ஜிபி அளவுக்கு வெட்டுவது, மிஞ்சிய இடத்தில் புதியதை நிறுவுவது என்பது திட்டம். செய்வதற்கு முன் சரிதானா என்று கேட்டு வைத்தேன். எந்த ஜிபி என்று ஒரே ஒரு வரியில் பதில் வந்தது. எனக்கு எரிச்சலாகிவிட்டது, மளிகைக் கடையில் எந்தக் கிலோ என்று கேட்டுவிட்டுத்தான் பருப்பு வாங்குவீர்களா என்று திருப்பிக் கேட்டேன். மறுநாள் காலையில் அவர் இரண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கழித்து, விடைக்கு நேரே 'உங்கள் கல்யாணப் படங்கள்' என்று குறித்திருந்தார்.

விஷயம் இதுதான். ரீசைஸ்2எஃப்எஸ் சொல்லும் ஜி என்பது 1024-ஐ மூன்று முறை பெருக்கி வருவது. அந்தக் கணக்கில் 100 ஜி என்பது 10,737 கோடி பைட்டுக்குச் சற்று மேல். பார்ட்டெட் சொல்லும் ஜிபி 1000-ஐ மூன்று முறை பெருக்கி வருவது. அதில் 100 ஜிபி சரியாக 10,000 கோடி பைட். நான் நினைத்தபடி செய்திருந்தால் கோப்பு முறைமையின் கடைசி 737 கோடி பைட் பகிர்வின் எல்லைக்கு வெளியே கிடந்திருக்கும். அடுத்த படியில் நிறுவப்போகும் வழங்கல் அதன்மேல்தான் எழுதியிருக்கும். பகிர்வைச் சுருக்கும்போது தரவு இழக்க நேரலாம் என்று பார்ட்டெட் எச்சரிக்கும்தான், ஆனால் எல்லாச் சுருக்கலுக்கும் அது அதே எச்சரிக்கையைத்தான் தருகிறது. அதைப் படித்து யாரும் நின்றதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1024-இன் மடங்குகளுக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப்பெயர்களை வகுத்தது. குழந்தைகளின் மழலைபோல் ஒலிப்பதாலோ என்னவோ, வாய்விட்டுச் சொல்ல எல்லோரும் கூசுகிறார்கள். ஒரு டெராபைட் என்று சொல்லி வாங்கிய வன்தட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவதும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் சந்தேகப்படுவதும் இதனால்தான். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துவிட்டுப் பழைய பெயரையே போடுகிறது. ஆப்பிள் 2009-இல் வெளியிட்ட மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து ஆயிரத்தின் கணக்குக்கு மாறிவிட்டது. இரண்டு கணக்கிலும் சேராத ஒன்றும் உண்டு. நாம் 1.44 எம்பி என்று சொல்லிப் பழகிய ஃபிளாப்பியில் 14,74,560 பைட் இருந்தது, அதாவது 1.44-ஐ ஒருமுறை ஆயிரத்தாலும் ஒருமுறை 1024-ஆலும் பெருக்கியிருக்கிறார்கள். ஆயிரத்தின் கணக்கில் அது 1.47, மற்றதில் 1.41, 1.44 என்பது எந்த முறையிலும் கிடையாது. திருத்துநர்களுக்கு இதைவிடச் சுவையான பண்டம் வேறு இல்லை.

எங்கள் மொழிக்காரர்களுக்கென்றே ஒரு நுணுக்கமும் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடும் மென்பொருள் அவற்றைச் சமப்படுத்திப் பார்க்காவிட்டால் ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாது. 'கொடைக்கானல்' என்ற கோப்பை என் கணினியிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேடியவன் என்ற முறையில், யூனிகோட் என்பது எழுத்துரு அல்ல, குறியேற்றம் என்று ஓயாமல் திருத்துபவர்களிடம் எனக்குச் சற்றுப் பாசம் உண்டு. அந்தப் பாசம் எல்லை மீறியதும் உண்டு. என் மைத்துனர் தம் மகளின் காதுகுத்து அழைப்பிதழுக்காகத் தொலைபேசியில் அழைத்து, அச்சகத்தில் யூனிகோட் ஃபான்டா, பாமினி ஃபான்டா என்று கேட்கிறார்கள், எதைச் சொல்வது என்றார். நான் குறியேற்றத்துக்கும் எழுத்துருவுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்கினேன். இருபது நிமிடம் கழித்து அவர், "அத்தான், அச்சகத்துக்காரர் கேட்டதைத்தான் நான் உங்களிடம் கேட்டேன். கடையைப் பூட்டிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்" என்றார். 2010-இல் எனக்கு வந்த முதல் பதிலை எழுதியவராக நான் எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

நக்கலுக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தின் நக்கல் தன்னையே நோக்கித் திரும்பும்போதுதான் உச்சத்தைத் தொடுகிறது என்பது என் மதிப்பீடு. 1990 ஏப்ரல் 1 அன்று, முட்டாள்கள் தினத்தில், வெளியான ஆர்எஃப்சி 1149 என்ற இணைய ஆவணம், இணையத் தரவுப் பொட்டலங்களைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் முறையை, மற்ற இணைய ஆவணங்களுக்குரிய அதே வறண்ட நடையில் வரையறுத்தது. வேடிக்கை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் 2001-இல் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் பயனர்கள் உண்மையாகவே புறாக்களைக் கொண்டு அதைச் செய்துபார்த்தார்கள். ஒன்பது பொட்டலங்கள் புறப்பட்டு நான்குக்குப் பதில் திரும்பியது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் வரை பிடித்தது, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளை வழக்கம்போல 55 விழுக்காடு இழப்பு என்று கணக்குக் காட்டியது. இங்கே நுணுக்கமும் நக்கலும் தனித்தனியாக இல்லை, நுணுக்கமே நக்கல்.

டெபியனில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஆப்டிடியூட் கருவியும் அந்த மரபில் வந்தது. அதனிடம் மூ என்று கட்டளையிட்டால் இந்த நிரலில் வேடிக்கை எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று பதில் சொல்லும். விளக்கத்தைக் கூட்டச் சொல்லும் வி என்ற குறியை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், உண்மையாகவே இல்லை என்னும், முன்பே சொன்னேனே என்னும், நிறுத்து என்னும், ஒன்று கொடுத்தால் போய்விடுவாயா என்று இறங்கி வரும், கடைசியில் யானையை விழுங்கிய பாம்பைப் படமாக வரைந்து காட்டும். நிர்வாகி உரிமையோடு ஒரு கட்டளையை இயக்க உதவும் சூடோ கட்டளையின் அமைப்புக் கோப்பில் வசவு என்ற தெரிவை இயக்கிவிட்டால், கடவுச்சொல்லைத் தவறாக அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது நம்மை ஏசும். எட்டு ஆண்டுகளாக நான் அதை இயக்கியே வைத்திருக்கிறேன். என் கணினியில் என்னை ஏசும் உரிமையை நானே கொடுத்திருப்பதால் அது வலிப்பதில்லை.

எல்லா விளையாட்டும் வலியில்லாமல் போவதில்லை. கையேடுகளைக் காட்டும் மேன் கட்டளையில் 2011-இல் ஒரு குறும்பைப் புதைத்து வைத்தார்கள், நள்ளிரவு 12.30 மணிக்குக் குறிப்பிட்ட முறையில் இயக்கினால் மட்டும் ஒரு பழைய பாப் பாட்டின் சொல்லை அது திரையில் எழுதும். 2017-இல் யாரோ ஒருவரின் தானியங்கிச் சோதனைகள் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் தோற்றுக்கொண்டிருந்ததால் குட்டு வெளிப்பட்டது. பராமரிப்பாளர் அதை நீக்கிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நள்ளிரவில் அந்தச் சோதனைகளோடு மல்லாடியது நானாக இருந்திருந்தால் வந்திருக்காது.

என்னால் சிரிக்கவே முடியாத வகையும் ஒன்று உண்டு. கணினி மெதுவாக இருக்கிறது என்று கேட்கும் புதியவரிடம், தேவையில்லாத பிரெஞ்சு மொழித் தொகுப்பை நீக்குங்கள் என்று சொல்லி, கோப்புகள் அனைத்தையும் அழிக்கும் ஆர்எம் கட்டளையைக் கொடுப்பது பழைய விளையாட்டு. அதன் எஃப்ஆர் குறிகள் பிரெஞ்சைக் குறிப்பதாக அவர் நம்பிவிடுவார். எல்லாக் கோப்புகளும் அடங்கிய மூலக் கோப்புறையை நேராகக் குறிப்பிட்டால் அழிக்க மறுக்கும் பாதுகாப்பு பல ஆண்டுகளாகவே அக்கட்டளையில் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்கு ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நுணுக்கம் தெரிந்த கை இது என்பதால்தான் எனக்கு அருவருப்பு கூடுகிறது. கடுஞ்சொல் வேறு, இது வேறு. கருநிரல் பணியில் கடுஞ்சொல்லுக்குப் பெயர்போன டோர்வால்ட்ஸ்கூட 2018 செப்டம்பரில் வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் ஒதுங்கி நின்றார். ஆனால் அவர் ஏசியது பெரும்பாலும் ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை, அதுவும் அவர்கள் எழுதிய நிரலுக்காக.

கடந்த மாதம் ஒருவர், நான் 2016-இல் கேட்ட அதே கேள்வியை ஏறக்குறைய அதே சொற்களில் கேட்டிருந்தார். எந்த ஜிபி என்று தட்டச்சு செய்து, அழித்துவிட்டு, இரண்டு கட்டளைகளுக்கும் அலகு வேறு, முதலில் கோப்பு முறைமையைத் தேவைக்குமேல் சுருக்கிக்கொள்ளுங்கள், பகிர்வை வெட்டிய பிறகு அதை விரித்துக்கொள்ளலாம், இரண்டு அலகுகளுக்கும் இந்த அளவில் 7 விழுக்காடு வேறுபாடு வரும் என்று பொறுமையாக எழுதினேன். அவர் நன்றி சொல்வதற்குள் வேறொருவரிடமிருந்து பதில் வந்துவிட்டது: 'கீழிருந்து பார்த்தால் 7.37, மேலிருந்து பார்த்தால் 6.87, உங்கள் 7 எங்கே நின்றுகொண்டு பார்த்தது?' கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. லைக் போட்டுவிட்டு என் பதிலைத் திருத்தினேன்.